தமிழ் தெரிந்தால் போதும் என்று திருகோணமலைக்குப் போனால்

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிற திருகோணமலைக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேர் "தமிழ்தானே பேசுறாங்க, அதெல்லாம் வெளிநாட்டுக் கணக்கிலேயே வராது" என்கிறார்கள். மீதிப் பேர் "தனியாவா போனே?" என்று கேட்டுவிட்டு என் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் கும்பகோணத்துக்காரி. கையில் இருந்த காசுக்குத் தாய்லாந்து கட்டுப்படியாகாது, மலேசியாவும் கட்டுப்படியாகாது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் நாலு மணி நேரம் சொச்சத்தில் யாழ்ப்பாணத்துக் கரையில் இருக்கிற காங்கேசன்துறை என்று கேள்விப்பட்டதும் அதையே பிடித்துக்கொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொழி தெரியாத நாட்டில் இறங்கினால் முதல் நிமிடத்திலிருந்தே நாம் உஷாராக இருப்போம், எதைக் கேட்டாலும் இரண்டு தடவை கேட்போம். மொழி தெரிந்த நாட்டில் அந்த உஷார் வராது, நம்ம ஊர் என்கிற நினைப்பிலேயே கையை வீசிக்கொண்டு நடப்போம். அதனால் திருகோணமலையில் எனக்கு வந்த திகைப்பு ஒவ்வொன்றும், இங்கே என்ன புதுசாக இருந்துவிடப்போகிறது என்று நான் நினைத்த இடத்திலிருந்துதான் வந்தது.

கப்பலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2023 அக்டோபரில் தொடங்கி, கொஞ்ச நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்த சேவை. கடல் சரியில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள் என்பதால், திரும்பி வந்த மறுநாளே ஆபீசில் நிற்க வேண்டியவர்கள் இதை நம்பவேண்டாம், நடுவில் ஒன்றிரண்டு நாள் இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள். பெட்டி எடைக்கும் அளவு வைத்திருக்கிறார்கள். விசா விஷயத்தில் கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுகின்றன. அரசாங்கத் தளத்தை மட்டும் பாருங்கள், தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் அதே மாதிரிப் பெயர் வைத்துக்கொண்டு நடுவில் காசு பார்க்கிற தளங்கள். திரும்பி வரும் டிக்கெட்டையும் தங்குமிட முன்பதிவையும் தாளில் அச்செடுத்துக் கொண்டுபோனால் குடிவரவு (இமிகிரேஷன்) வரிசையில் போனைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

அடுத்தது காசு. இலங்கையில் யு.பி.ஐ. 2024 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது என்று செய்தியில் படித்துவிட்டுப் போகிறவர்கள் கவனிக்க: பெரிய கடைகளில் அந்தக் கட்டம் போட்ட அட்டை இருக்கலாம், பஸ் கண்டக்டரிடமும் தேநீர்க் கடையிலும் நோட்டுத்தான் செல்லும். பத்து ரூபாய் கொத்துமல்லிக்கும் போனை நீட்டிப் பழகிய நமக்குப் பர்ஸில் நோட்டை எண்ணி எண்ணிக் கொடுப்பதே ஒரு பழக்கத்துக்கு வரவேண்டியிருக்கிறது. ஏடிஎம்மில் ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் அங்கத்திய வங்கி தனியாகவும் நம் வங்கி தனியாகவும் பிடித்துக்கொள்ளும், ஆகவே சிறுகச் சிறுக எடுக்காதீர்கள். நான் போன சமயம் நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரை ரூபாய் என்கிற கணக்கு. முதலில் பால் இல்லாத வெறும் சாயத் தேநீர் அறுபது ரூபாய் என்றதும் திக்கென்றது, மூன்றரையால் வகுத்தால் பதினேழு, சரி போகட்டும். அந்த வகுத்தல் பழகிவிட்ட பிறகுதான் ஆபத்து. எதைப் பார்த்தாலும் "அட, இவ்வளவுதானா" என்று தோன்ற ஆரம்பித்துவிடும், ஆயிரம் ரூபாய் நோட்டு நூறு ரூபாய் நோட்டு மாதிரி பறக்கும். வகுப்பதை விட்டுவிட்டு, ஒரு நாளைக்கு இவ்வளவு இலங்கை ரூபாய் என்று காலையிலேயே தனியாக எடுத்து வைத்தால்தான் கட்டுக்குள் நின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குச் சிவப்பு நிற அரசு பஸ். வவுனியா வரை நேர்ச்சாலை, அங்கிருந்து கிழக்கே திரும்பி ஹொரவப்பொத்தானை வழி. பஸ்ஸில் பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்று பிரிவே கிடையாது. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு, அப்படியே தூங்கிப்போனார். பக்கத்துச் சீட்டில் ஆண் வந்து உட்கார்ந்தால் எழுந்து நிற்கிற வழக்கத்தில் வளர்ந்தவளுக்கு முதல் அரைமணி நேரம் முதுகு விறைத்துப்போய்த்தான் இருந்தது. அப்புறம் சுற்றிப் பார்த்தால் பஸ் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் யாரையும் கண்டுகொள்ளவில்லை. கூட்டத்தில் உரசுகிறவர்கள் அங்கேயும் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று பிற்பாடு ஓர் அக்கா சொன்னார், ஊக்கு ஒன்று கைவசம் இருப்பது எந்த நாட்டிலும் நல்லதுதான்.

கதவை ஒட்டிய முதல் சீட்டு மதகுருமாருக்கு. மேலே மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். யாரும் ஏறாதவரை மற்றவர்கள் உட்காரலாம். ஒரு நிறுத்தத்தில் காவி கட்டிய இளம் பிக்கு ஒருவர் ஏறியதுமே அதில் இருந்த இரண்டு பேரும், கண்டக்டர் வாயைத் திறக்குமுன் எழுந்துவிட்டார்கள். ஒருவருக்குத்தானே இடம் வேண்டும், இரண்டாமவர் ஏன் எழுந்தார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிக்கு நடுவில் பையை வைத்துவிட்டார். அவ்வளவு கூட்டத்திலும் அந்த அரைச் சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. நீண்ட தூரம் போகிறவர்கள், காற்று நன்றாக வருகிறதே என்று அந்த இடத்தைப் பிடித்தால் பாதி வழி நின்றுகொண்டு போக நேரலாம்.

நான் போனது வெசாக் சமயம், நாம் புத்த பூர்ணிமா என்கிற அதே பௌர்ணமிப் பண்டிகை. இது நான் திட்டமிட்டு நடந்ததில்லை, கப்பலில் இடம் கிடைத்த நாள் அப்படி அமைந்தது. ஹொரவப்பொத்தானைப் பக்கத்தில் எங்கேயோ கொடி பிடித்த பையன்கள் சாலை நடுவில் நின்று பஸ்ஸை மறித்தார்கள். நம் ஊரில் பஸ்ஸை மறித்தால் ஒன்று மறியல், இல்லாவிட்டால் வசூல். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இவர்கள் மறித்தது சாப்பாடு போடுவதற்கு. டிரைவர் எஞ்ஜினை அணைத்துவிட்டு முதல் ஆளாக இறங்கிப் போனார். தென்னோலைப் பந்தலுக்குள் பெரிய அண்டாவில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, துவையல் மாதிரியான மிளகாய்ச் சம்பல், துருவிய தேங்காய், பக்கத்தில் வாளி வாளியாகச் சிவப்பு நிறத்தில் ஒரு குளிர்பானம். கிழங்கை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்த பெண் சிங்களத்தில் ஏதோ கேட்டார், நான் விழித்ததும் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டை வைத்தார். இதற்குத் தன்சல் என்று பெயராம், வெசாக்கிலும் அடுத்த மாதம் பொசன் பௌர்ணமியிலும் நாடு முழுக்க நடக்கும். பஸ்ஸில் இருந்த முஸ்லிம் குடும்பமும் இறங்கியது, என் பக்கத்துப் பெரியவரும் தூக்கம் கலைந்து இறங்கினார். முன் வரிசையில் ஓர் அம்மா மட்டும் இறங்கவில்லை. நான் ஒரு கோப்பையைக் கொண்டுபோய் நீட்டியதும் "வேண்டாம் பிள்ளை, நீங்க குடியுங்கோ" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏன் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

சிக்கனமாகப் பயணம் செய்கிறவர்களுக்கு வெசாக் வாரத்தில் சாப்பாட்டுச் செலவு பாதியாகக் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அந்த லாபத்தை அறை வாடகை தின்றுவிடும். பௌர்ணமி நாள் ஒவ்வொன்றும் அங்கே அரசு விடுமுறை. அது சனி ஞாயிறோடு ஒட்டி வந்துவிட்டால் கொழும்பும் கண்டியும் கிளம்பி, திருகோணமலைக்கு வடக்கே இருக்கிற நிலாவெளிக் கடற்கரைக்கு வந்துவிடும். அன்றைக்கு மதுக்கடை கிடையாது, இறைச்சிக் கடையும் மூடியிருக்கும். நான் தங்கியிருந்த உப்புவெளியில் ஒரு வெள்ளைக்காரர் பீர் கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கியதைப் பார்த்தேன், ஒவ்வொரு கடைக்காரரும் வானத்தைக் காட்டினார்கள். பயணத் தேதியைக் குறிக்கும்போது பௌர்ணமி எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பஞ்சாங்கம் பார்க்கிற வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய வேலையில்லை.

உப்புவெளியில் கடற்கரையை ஒட்டி இருப்பவை விலை அதிகம். இரண்டு தெரு உள்ளே தள்ளி, ஒரு வீட்டின் பின்பகுதியில் மின்விசிறி மட்டும் போட்ட அறை 3,500 ரூபாய்க்குக் கிடைத்தது, சில நாள் தங்குவதாகச் சொன்னதும் இன்னும் கொஞ்சம் குறைத்தார்கள். வீட்டுக்கார அக்கா வாசலிலேயே கேட்டுவிட்டார்: "தனியவோ வந்தனீங்கள்? வீட்டில ஒன்றும் சொல்லேல்லையோ?" கேள்வியில் குத்தல் இல்லை, நிஜமான கவலைதான். இந்தக் கேள்வி அப்புறம் நான் போன இடமெல்லாம் கூடவே வந்தது, ஆட்டோவில், கோயிலில், வெந்நீர்க் கிணற்றடியில். வயது, கல்யாணம், சம்பளம் மூன்றும் வரிசையாகக் கேட்பார்கள். நம் ஊரிலும் இதைத்தான் கேட்பார்கள் என்றாலும், இங்கே பதில் சொன்னதும் அதோடு விட்டுவிடுகிறார்கள், அறிவுரை வராது. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சார்ஜர் விஷயம் ஒன்று உண்டு. அங்கே புதுக் கட்டடங்களில் சதுரமான மூன்று முள் பிளக்தான். நம் இரண்டு முள் உருண்டைச் சார்ஜர் உள்ளே போகாது. மேல் துளையில் பேனாவைக் குத்தித் திறந்துகொண்டு சொருகுகிற வித்தையை அந்த வீட்டுப் பையன் செய்து காட்டினான், தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள். நகரத்தில் எந்த மின்சாமான் கடையிலும் மாற்றுப் பிளக் சின்ன விலைக்குக் கிடைக்கிறது.

விடிகாலையில் தெருக்கோடியிலிருந்து ஒரு பியானோ மெட்டு கேட்டது. நம் ஊரில் கார் பின்னால் நகரும்போது ஒலிக்குமே, அந்த மாதிரி. அதே மெட்டு திரும்பத் திரும்ப, நெருங்கி வந்துகொண்டே. எட்டிப் பார்த்தால் ஆட்டோ, பின்னால் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் பாணும் பணிசும், அதாவது நம் பிரெட்டும் பன்னும். அக்கா இறாத்தல் கணக்கில் பாண் வாங்கினார், அதைத் தடித்தடியாக வெட்டி, தேங்காய்ச் சம்பலோடும் முந்தின நாள் பருப்போடும் காலைச் சாப்பாடு முடிந்துவிட்டது. காய்ச்சல்காரருக்குக் கொடுப்பது ரொட்டி என்று வளர்ந்த எனக்கு, இரண்டு இட்லிக்கு ஆகிற செலவில் ஒரு வீடே பாண் தின்று பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க விநோதமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் நானே அந்த மெட்டுக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

காபியைப் பற்றிப் பேசாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. பால் தேநீர் என்று கேட்டால் பால்மாவை, அதாவது பால் பவுடரைக் கரைத்துத் தருகிறார்கள். டிகிரி காபி குடித்து வளர்ந்த கும்பகோணத்துக்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது. மாடு இல்லாத ஊரும் இல்லை, மூதூர் பக்கத்து எருமைத் தயிர் சட்டியோடு சாலையோரம் அடுக்கி வைத்து விற்கிறார்கள், கத்தியால் வெட்டலாம் போல் இருக்கிறது, அதன் மேல் கூந்தற்பனைப் பாகான கித்துள் பாணி ஊற்றித் தின்றால் பாயசம் எல்லாம் தள்ளி நிற்கவேண்டும். ஆனாலும் தேநீருக்கு மாவுதான். இரண்டு நாள் முகத்தைச் சுளித்துவிட்டு இஞ்சி போட்ட சாயத் தேநீருக்கு மாறிவிட்டேன், விலையும் அதில்தான் குறைவு.

கடையில் உட்கார்ந்து தேநீர் கேட்டதும், கேட்காமலே ஒரு தட்டு வந்து மேசையில் உட்காரும். அதில் ரோல்ஸ், கட்லட், கடலை வடை, முக்கோணமாக மடித்த ரொட்டி, எல்லாம் இரண்டு இரண்டு. நான் பரிமாறுகிற பையனைப் பார்த்தேன், அவன் அடுத்த மேசைக்குப் போய்விட்டான். இதெல்லாம் நான் சொல்லவே இல்லையே, மொத்தத்துக்கும் பில் போட்டுவிடுவானோ என்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்தவர் என் நிலைமையைப் புரிந்துகொண்டு, "எடுத்ததுக்கு மட்டும்தான் காசு, பயப்பிடாமச் சாப்பிடுங்கோ" என்றார். எழுந்து போகும்போது பையன் தட்டைப் பார்த்துக் குறைந்ததை எண்ணிக்கொள்கிறான். மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும், அது ஒவ்வாதவர்கள் வேண்டியதை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கலாம். கை துடைக்கக் கொடுத்தது சதுரமாக வெட்டிய பழைய கடதாசி. எனக்கு வந்த துண்டில் யாரோ ஒரு பிள்ளையின் வகுத்தல் கணக்கு, சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று பார்த்துக்கொண்டே ஒரு கட்லட்டை முடித்தேன்.

மத்தியானம் சோற்றுப் பார்சல் வாங்குங்கள். மீன் வைத்தது 400 ரூபாய்க்குள் கிடைத்தது. ஒரு பார்சலில் இருக்கிற சோறு என் அளவு ஆளுக்கு இரண்டு வேளை. சாம்பார், ரசம், மோர் என்று வரிசையாக வருகிற பழக்கத்தை மறந்துவிட வேண்டும், எல்லாக் கறியும் சோற்றைச் சுற்றி ஒரே சமயத்தில் வந்துவிடும், பருப்பிலும் தேங்காய்ப்பால், காயிலும் தேங்காய்ப்பால். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் சைவக் கடை எது என்று கேட்டுப் போங்கள், நகரத்தில் இருக்கின்றன. மற்ற கடையில் "மரக்கறி" என்று சொல்லி வாங்கினாலும் சம்பலில் மாசி போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. உலர்ந்த மீன் துணுக்குத்தான் அது, பார்வைக்குத் தெரியாது, வாயில் போட்ட பிறகுதான் தெரியும்.

தெருவைக் கடப்பது இன்னொரு திகைப்பு. நகரத்தில் கடவைக் கோட்டில் கால் வைத்ததும் பஸ் நின்றது. எனக்காகத்தான் நின்றது என்று புரியவே சில வினாடி ஆனது. நான் வழிவிட்டுப் பின்னால் நகர, டிரைவர் கையை ஆட்டி "போ போ" என்று காட்ட, பின்னால் இருந்த ஆட்டோ ஹாரன்கூட அடிக்கவில்லை. கோட்டுக்கு வெளியே கடந்தால் இந்த மரியாதை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கோணேசர் கோயிலுக்குப் போகாமல் எப்படி. சம்பந்தர் பாடிய தலம், ஈழத்தில் பாடல் பெற்றவை இரண்டே இரண்டு, இன்னொன்று மன்னார்ப் பக்கத்துக் கேதீச்சரம். தெருவுக்கு ஒரு பாடல் பெற்ற தலம் உள்ள பகுதியிலிருந்து போனவளுக்கு, கோயிலுக்கு ஒரு கோட்டைக்குள் நுழைந்து போகவேண்டும் என்பதே புதுசு. 1622ல் போர்த்துக்கீசர் பழைய கோயிலை இடித்தார்கள், அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள் என்கிறார்கள், அப்புறம் டச்சுக்காரர், அப்புறம் பிரெடரிக் கோட்டை என்று பெயர் வைத்த ஆங்கிலேயர், இப்போது உள்ளே இலங்கை ராணுவம். வாசலில் சிப்பாய், அவர் காலடியில் புள்ளிமான். மான் என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மான் இல்லை, கடலை விற்கிறவர் கூடையில் மூக்கை விடுகிற மான், தெருவில் நம் ஊர் மாடு மாதிரி படுத்திருக்கிற மான். பிளாஸ்டிக் பையை மென்றுகொண்டிருந்த ஒன்றிடமிருந்து அதைப் பிடுங்க ஒரு பள்ளிக்கூடப் பெண் போராடிக்கொண்டிருந்தாள். தின்பண்டம் கொடுக்காதீர்கள், பையை முதுகில் போடாமல் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். மேலே ராவணன் வெட்டு என்கிற பிளவுக்குப் பக்கத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள். சிறப்பு தரிசன வரிசை ஒன்று எங்காவது இருக்கும், ஐம்பது ரூபாய் கொடுத்து நுழையலாம் என்று தேடினேன், என் கண்ணில் படவில்லை. வழியெங்கும் படம் எடுக்கலாம், ராணுவக் கட்டடத்தையும் துறைமுகத்துக் கடற்படைப் பகுதியையும் எடுக்காதீர்கள். நாடு முழுக்க இன்னொன்று, புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வதைப் பெரிய அவமரியாதையாகப் பார்ப்பார்கள்.

தமிழ் பேசினால் உள்ளூர் விலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அது பாதிதான் உண்மை. மீன் சந்தையிலும் ஆட்டோவிலும் கிடைக்கும். அரசாங்கச் சீட்டுக் கூண்டில் கிடைக்காது. நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாத்தீவு 2003ல் தேசியப் பூங்கா ஆன இடம், பவளப்பாறையும் குட்டிச் சுறாவும் பார்க்கலாம். விலைப் பலகையில் உள்நாட்டாருக்கு ஒன்று, வெளிநாட்டாருக்கு ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு கடலே இருக்கிறது. எனக்கு முன்னால் நின்ற மட்டக்களப்புக் குடும்பத்துக்கும் எனக்கும் பேச்சில், நிறத்தில், உடையில் என்ன வித்தியாசம் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் கூண்டுக்குள் இருந்தவர் பாஸ்போர்ட்டைக் கேட்டார். அதோடு சேவைக் கட்டணம், வரி, படகு. படகுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை, படகுக்கு இவ்வளவு. தனியாகப் போகிறவர்கள் காலையிலேயே போய் நின்று, வருகிற கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளவேண்டும். நான் அந்த மட்டக்களப்புக் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டேன், படகுப் பங்கு எவ்வளவு என்று கேட்டதற்கு அந்த வீட்டு அண்ணா கடைசிவரை பிடிகொடுக்கவே இல்லை. கன்னியா வெந்நீரூற்றுக்கும் சீட்டு உண்டு. ஏழு சின்னச் சதுரக் கிணறு, வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ளலாம், ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு விதம். இறந்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களும் அங்கேதான் குளிப்பார்கள், ஆகவே எல்லோரும் சுற்றுலா மனநிலையில் இருக்கமாட்டார்கள்.

கடலில் இறங்குவது பற்றிப் பெண்கள் என்னிடம் தனியாகக் கேட்பதால் சொல்கிறேன். நிலாவெளியில் விடுதிகளுக்கு முன்னால் வெள்ளைக்காரப் பெண்கள் நீச்சல் உடையில்தான் இருப்பார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நூறு மீட்டர் தள்ளி உள்ளூர்ப் பெண்கள் சல்வாரோடு, சட்டையோடு இறங்குவார்கள். நாம் எந்தப் பக்கம் நின்றாலும் நம்மை உள்ளூர்க்காரியாகத்தான் பார்ப்பார்கள், அதற்கு ஏற்ற கண்களும் வரும். நான் முழுக்கை டீ-சட்டையோடு இறங்கினேன், தொந்தரவு இல்லை. பொழுது சாய்ந்தபின் விடுதிப் பக்கத்துக் கடற்கரையில் தனியாக நடந்தால் "எந்த ஊர், வாங்க பார்ட்டி" என்று கூடவே வருகிற இளவட்டங்கள் உண்டு. குடும்பங்கள் மாலையில் உட்காருகிற இடம் நகரத்து டச்சு வளைகுடாப் பக்கம்தான், இறால் வடையும் அங்கேதான் கிடைக்கும். ஆட்டோவில் ஏறுமுன் விலை பேசிவிடுங்கள். நிலாவெளி பஸ் அடிக்கடி வருவதால் பகலில் ஆட்டோவே தேவைப்படாது.

இந்தியா என்றதும் எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரிச் சிரிப்பு வரும் என்று நினைக்காதீர்கள். நம் சீரியல், நம் சினிமா, நம் கட்சிச் சண்டை எல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம், வீட்டுக்கார அக்கா மகாமகக் குளத்தைப் பற்றி என்னைவிட அதிகமாகச் சொன்னார். பல பெட்ரோல் பங்க்குகளில்கூட நம் ஐ.ஓ.சி. பலகைதான். ஆனால் 1987லிருந்து 1990 வரை இந்திய ராணுவம் அங்கே இருந்ததை நினைவில் வைத்திருக்கிற வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். மீன் சந்தையில் பாரை விலை கேட்டபோது வியாபாரி "எந்த இடம்?" என்றார், நாகப்பட்டினம் வழியாக வந்தேன் என்றதும் "ஓ, இழுவைப் படகு ஆக்களோ" என்று கத்தியை மீனில் இறக்கினார். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், ஆனால் அது முழுக்க வேடிக்கை இல்லை. கடலின் அடிவரை வலையை இழுத்துப் பிடிக்கிற அடிமடி இழுவை மீன்பிடியை இலங்கை 2017லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது, நம் பக்கத்துப் படகுகள் இன்னும் போகின்றன. எனக்கு மீன்பிடி பற்றி ஒன்றும் தெரியாது, வாயை மூடிக்கொண்டு விலையைக் கொடுத்தேன், விலை நியாயமாகத்தான் சொன்னார்.

தேநீர்க் கடையில் ஒருநாள் சென்னைக்காரர் ஒருவர் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு, "சண்டை நடந்தப்ப நீங்க இங்கதான் இருந்தீங்களா? என்ன பண்ணாங்க?" என்று கடைக்காரரிடம் உரக்கக் கேட்டார். கேட்டவருக்கு உள்நோக்கம் இல்லை, நம் மேடைகளில் கேட்ட கதையின் தொடர்ச்சியாகக் கேட்டார். கடையில் பேச்சு நின்றது. கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "அதெல்லாம் முடிஞ்சுது தம்பி. தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ?" என்றார், போதுமா என்று அர்த்தம். யார் வீட்டில் என்ன இழப்பு, அந்தக் கடையில் அப்போது யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எதுவும் நமக்குத் தெரியாது. அக்கா ஒரு ராத்திரி தானாகவே 2004 சுனாமியைப் பற்றிச் சொன்னார், சமையலறைச் சுவரில் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்று கையை வைத்துக் காட்டினார். அதற்கு முந்தின காலத்தைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு, விலைவாசி, 2022ல் பெட்ரோலுக்கு நின்ற வரிசை, இவற்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார்கள், அதில் கிடைக்கிற சிநேகமே போதுமானது.

போவதென்றால் மே முதல் செப்டம்பருக்குள் போங்கள், கடல் அமைதியாக இருக்கும், திமிங்கிலம் பார்க்கும் படகுகளும் அப்போதுதான். அக்டோபருக்கு மேல் வடகிழக்கு மழை நமக்கு எப்படியோ அப்படித்தான் அங்கேயும், புறாத்தீவுப் படகு கிடைப்பது நிச்சயமில்லை, அறை விலை மட்டும் பாதியாகும். கொழும்பு வழியாக வருகிறவர்கள் இரவு ரயிலில் வரலாம். கல் ஓயாச் சந்தியில் தடம் பிரிந்து வருவது, காட்டுப் பகுதியில் யானை குறுக்கே வரும் என்பதால் மெதுவாகத்தான் போகும், சொன்ன நேரத்துக்கு வந்துசேரும் என்று அடுத்த பஸ்ஸை முன்பதிவு செய்துவைக்காதீர்கள். மிஞ்சின இலங்கை ரூபாயை அங்கேயே மாற்றிவிட்டு வாருங்கள். நாகப்பட்டினத்தில் இறங்கி நான் கேட்ட கடையில் அதை வாங்கவே மாட்டேன் என்றார்கள், அந்த 2,300 ரூபாய் இன்னமும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, அடுத்து யார் போகிறீர்களோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம், மூன்றரைக்கு ஒன்று என்ற கணக்கில்தான் தருவேன்.